சனிக்கிழமை ஒன்பதரை

பதினோராம் நாள்.
மஞ்சள் இன்னும் முழுசாய் இறங்கவில்லை.
காலை வெயிலில் அம்மணமாய்க் கிடத்தியிருக்கிறேன்,
தெஹிவளை, நாலாம் மாடி,
கம்பியடித்த பல்கனி, உடுப்புக் கொடிக்குக் கீழே.
கரையோர ரயில் போகிறது.
யன்னல் நடுங்குகிறது, அவன் நடுங்கவில்லை.

மணிக்கட்டில் ஆஸ்பத்திரிப் பட்டி:
நிரோஜினியின் ஆண் குழந்தை.
இதுவரை அவன் அவ்வளவுதான்.
பெயருக்காக நாங்கள் சண்டை பிடிக்கவில்லை.
பெயரைப் பிறகும் மாற்றலாம்.

ஃப்ரிட்ஜ் கதவில், தண்ணி பில்லுக்குப் பக்கத்தில்
கிளினிக் படிவம்.
வளையம் போடும் முறை. ஏழு நிமிடம். மருந்துச் செலவு வேறு.
பெற்றோரில் ஒருவர் கையொப்பமிட்டால் போதும்.
ஒருவர்.
அந்தச் சொல்லை மூன்று நாளாய்ச் சுற்றி நடக்கிறோம்,
கழுவிய தரையைச் சுற்றி நடப்பதுபோல.

மச்சாள் ஃபாரிஸா மருதானையிலிருந்து குரல் அனுப்புகிறாள்:
"சின்னதிலேயே முடிச்சா புள்ளக்கி நெனவே இரிக்காது."
அண்ணா டொரன்டோவிலிருந்து பன்னிரண்டு பக்கம் அனுப்பி,
கீழே தன் கையால் ஒரு வரி:
நினைவு வைக்க ஏலாதவனிடம்தான் முதலில் கேட்கவேணும்.
பால் குடிக்கிறானா என்று
இரண்டு பேரும் கேட்கவில்லை.

பதிவுக் கந்தோருக்குப் போக முன்னமே
எல்லாம் பேசி முடித்தோம் என்று நினைத்தோம்.
மாட்டிறைச்சி, பெருநாள், பொங்கல்,
யார் செத்தால் எரிப்பது, யாரைப் புதைப்பது வரைக்கும்.
ஒரு விரல்நுனி தோலை மறந்துபோனோம்.

வேண்டாம் என்றுதான் நான் தொடங்கினேன்.
முழுசாய் வந்தவன், அவனைக் கேளாமல்
யாரும் தொடக்கூடாது என்று
நீதவான்போல நின்றுகொண்டு.
ஸவாஹிர் மறுத்துப் பேசவில்லை.
என் காதைப் பார்த்தான்.

முப்பத்தோராம் நாள்
செட்டியார் தெருவிலிருந்து ஆளைக் கூப்பிட்டுக் குத்திய காது.
பெட்டை பிறந்திருந்தால்
அதே தெருவில் நானே தோடு தெரிவுசெய்திருப்பேன்,
பில்லைக்கூட ஒழுங்காய்ப் பார்த்திருக்க மாட்டேன்.
கழற்றி மேசையில் வைத்தேன்.
பால் கொடுக்கும்போது இழுப்பான், அதற்காக, என்று
யாரும் கேளாமலே சொன்னேன்.

நேற்றிரவு கரண்ட் போனது.
இருட்டில்தான் ஸவாஹிருக்குக் கதை வரும்.
எட்டு வயசு. டிசம்பர் லீவு.
கிராண்ட்பாஸ் வீட்டில் சாச்சாவின் மகன்மார் மூன்று பேரோடு.
புதுச் சாரன். கையில் ஒரு மணிக்கூடு,
அழாமலிருக்க முன்கூட்டியே தந்த லஞ்சம்.
வெளியே ஒஸ்தா மாமா கை கழுவும் சத்தம்.

கத்தியைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.
வலியைப் பற்றியும்தான்.
வாப்பா பின்னாலிருந்து வாரி மடியில் வைத்து
ஒரு கையால் கண்ணைப் பொத்தியதைச் சொன்னான்.
புறக்கோட்டையில் வெங்காய மூட்டை இறக்கிய கை.
அந்த மணம் இன்னும் இருக்கு, என்றான்.
அதுக்கு முந்தியும் இல்ல, பிந்தியும் இல்ல,
வாப்பா என்னத் தூக்கினது அந்த ஒரு தரம்.

பிறகு:
"எனக்கு என்ன வேணுமெண்டு எனக்கே வெளங்கல்ல, நிரோ.
அல்லாவுக்காகவா, இல்லாட்டி அந்தக்..."
கரண்ட் வந்துவிட்டது.
வெளிச்சத்தில் இரண்டு பேரும்
வேறு வேறு பக்கம் பார்த்தோம்.

இப்போது போன் அடிக்கிறது.
கிளினிக் பிள்ளை, சிங்களத்தில்,
சனிக்கிழமை ஒன்பதரை உறுதியா என்கிறாள்.
ஸவாஹிர் போனைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்க்கிறான்.
வெயிலில் கிடப்பவன் அந்த நேரம் பார்த்து
உயரமாய் வளைத்துப் பெய்கிறான்,
கொடியில் காயும் சேட்டின் கைவரைக்கும்.

யார் மடியில் வைத்துச் செய்வது என்று கேளுங்கள், என்றேன்.

கேட்டான்.
மேசையில்தான் சேர்,
அம்மா அப்பா வெளியே இருக்கலாம், ஏசி இருக்கு.

அவனுடைய சிங்களம் கொச்சை.
கோபம் வந்தால் இன்னும் கொச்சை.
மடியில், என்றான். என் மடியில். இல்லாட்டி வரமாட்டோம்.
டொக்டரைக் கேட்கவேணும், லைனில் இருங்கள் என்றாளாம்.

இருக்கிறோம்.
வெயில் ஒரு சாண் தள்ளிப் போயிருக்கிறது.
துணியோடு சேர்த்து
அவனையும் ஒரு சாண் இழுக்கிறேன்.